மெட்ராஸ் ஹைகோர்ட் தீர்ப்புக்குப் பிறகு டெல்லி: முதல்முறை எஸ்.எல்.பி. போடுகிறவர்களுக்கு

ஹைகோர்ட்டில் கேஸ் தோற்ற அன்று சாயங்காலமே யாராவது ஒருவர் "சுப்ரீம் கோர்ட்டுல பாத்துக்கலாம்" என்று தைரியம் சொல்வார். அந்த தைரியத்திலேயே இரண்டு மாதம் ஓடிவிடும். பிறகு அரக்கப்பரக்க டெல்லி வக்கீலைத் தேடி, பாதிப் பேப்பரோடு மனு போட்டு, மூன்றே நிமிடத்தில் தள்ளுபடியாகித் திரும்புகிற குடும்பங்கள் ஏராளம். அந்த அலைச்சலும் செலவும் உங்களுக்கு வேண்டாம். சிவில் கேஸை வைத்தே சொல்கிறேன். கிரிமினல் கேஸில் மாறுகிற இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

முதலில் ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான கேஸ்களில் சுப்ரீம் கோர்ட்டுக்கு அப்பீல் போகும் உரிமை யாருக்கும் இல்லை. அப்பீல் போட அனுமதி கேட்கும் உரிமை மட்டும்தான் இருக்கிறது. அரசியலமைப்பின் 136-ஆவது பிரிவின்படி அந்த அனுமதியைத் தருவதும் மறுப்பதும் நீதிபதிகளின் விருப்புரிமை. எஸ்.எல்.பி., அதாவது சிறப்பு அனுமதி மனு என்பது அந்த அனுமதிக்கான விண்ணப்பம். கீழே உள்ள ஒவ்வொரு படியும் இந்த ஓர் உண்மையிலிருந்துதான் வருகிறது.

1. கேஸ் டெல்லிக்குப் போகத் தகுதியானதா?

"தீர்ப்பு தப்பு" என்பது மட்டும் போதாது. 136-ஆவது பிரிவை அபூர்வமான கேஸ்களுக்குத்தான் பயன்படுத்துவோம் என்று 1950-இல் பிரீதம் சிங் வழக்கிலேயே கோர்ட் சொல்லிவிட்டது. முன்சீப் கோர்ட், சப் கோர்ட், ஹைகோர்ட் மூன்றும் "நிலம் வாதியின் சுவாதீனத்தில்தான் (கைவசம்தான்) இருந்தது" என்று ஒரே முடிவுக்கு வந்திருந்தால், அந்தச் சங்கதியை மறுபடி அலச டெல்லியில் யாரும் உட்காரமாட்டார்கள்.

அனுமதி கிடைக்க வாய்ப்புள்ள கேஸ்கள் வேறு மாதிரி இருக்கும். ஹைகோர்ட் இரண்டாம் மேல்முறையீட்டில் சட்டக் கேள்வி எதையும் வகுக்காமலே கீழ்க்கோர்ட் தீர்ப்பை மாற்றியிருக்கும். முக்கியமான ஆவணத்தைப் பார்க்காமலே விட்டிருக்கும். சுப்ரீம் கோர்ட் ஏற்கெனவே சொன்ன சட்டத்துக்கு எதிராகப் போயிருக்கும். அல்லது உங்கள் தரப்பைக் கேட்காமலே உத்தரவு போட்டிருக்கும். இதில் ஒன்றையாவது இரண்டு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்று உங்கள் சென்னை வக்கீலிடம் கேளுங்கள். அவரால் முடியவில்லை என்றால் டெல்லியிலும் முடியாது.

அரசு அல்லது அதிகாரியின் நடவடிக்கையை எதிர்த்து ஹைகோர்ட்டில் நேரடியாகப் போடும் ரிட் கேஸில் இன்னொரு பொறி உண்டு. தனி நீதிபதியின் உத்தரவை எதிர்த்து நேராக டெல்லிக்கு ஓடாதீர்கள். ஹைகோர்ட்டிலேயே இரண்டு நீதிபதிகள் முன் ரிட் அப்பீல் போடும் வழி இருக்கும்போது, "முதலில் அங்கே போ" என்று திருப்பிவிடுவார்கள். இடைக்கால உத்தரவுகளிலும் சுப்ரீம் கோர்ட் பெரும்பாலும் தலையிடாது.

கிரிமினலில் ஒரு விலக்கு இருக்கிறது. கீழ்க்கோர்ட் விடுதலை செய்தவரை ஹைகோர்ட் குற்றவாளி என்று மாற்றி ஆயுள் தண்டனையோ 10 வருடத்துக்குக் குறையாத சிறைத் தண்டனையோ கொடுத்தால், அது உரிமையாகவே அப்பீல். அதற்கு அனுமதி கேட்க வேண்டியதில்லை.

2. இன்றே நகல் மனு போட்டு, நாள்களை எண்ணுங்கள்

ஹைகோர்ட் தீர்ப்புத் தேதியிலிருந்து 90 நாள் உண்டு. அப்பீலுக்கான தகுதிச் சான்றிதழை ஹைகோர்ட்டிடமே கேட்டு அது மறுத்திருந்தால், மறுத்த தேதியிலிருந்து 60 நாள். தீர்ப்பு சொன்ன நாளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். சான்றிட்ட நகல் வாங்க ஆன நாள்களைக் கழித்துக்கொள்ளலாம்.

உதாரணமாக, தீர்ப்பு 2025 ஜனவரி 10 என்று வைத்துக்கொள்வோம். 90-ஆவது நாள் ஏப்ரல் 10. நகல் மனு போட்டது ஜனவரி 20, நகல் தயாரானது பிப்ரவரி 5 என்றால், இரண்டு தேதியையும் சேர்த்து 17 நாள் கூடுதலாகக் கிடைக்கும். கடைசி நாள் ஏப்ரல் 27. அது ஞாயிற்றுக்கிழமை என்பதால் 28-ஆம் தேதி திங்கள்வரை போடலாம்.

இதில் தவறு நடக்கும் இடம், நகலின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் முத்திரைக் குறிப்பு. மனு போட்ட நாள், ஸ்டாம்ப் கேட்ட நாள், ஸ்டாம்ப் கட்டிய நாள், நகல் தயாரான நாள், கொடுத்த நாள் என்று வரிசையாக எழுதியிருக்கும். ஸ்டாம்ப் கேட்ட பிறகு நீங்கள் பத்து நாள் கட்டாமல் விட்டால், அந்தப் பத்து நாள் உங்கள் தாமதம், அது கழியாது. நகல் தயாரான பின் ஒரு மாதம் வாங்காமல் கிடந்தாலும் அப்படியே. 90 நாள் முடிந்த பிறகு நகல் மனு போட்டால் ஒரு நாள்கூடக் கழியாது.

நகல் வரத் தாமதமானால் காத்திருக்காதீர்கள். ஹைகோர்ட் இணையதளத்தில் ஏற்றிய தீர்ப்பை இறக்கி, சான்றிட்ட நகலுக்கு விலக்கு கேட்கும் சிறு மனுவோடு தாக்கல் செய்யலாம். இது அன்றாட நடைமுறை. ஆனாலும் நகல் மனு எண்ணையும் போட்ட தேதியையும் அந்த விலக்கு மனுவில் காட்ட வேண்டியிருக்கும், அதனால் நகல் மனுவை முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

நாள் கடந்துவிட்டால் தாமத மன்னிப்பு மனு வேண்டும். "உடம்பு சரியில்லை" என்ற ஒற்றை வரி எடுபடாது. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, ஆஸ்பத்திரிச் சீட்டு எங்கே என்பார்கள். கடைசி நாளுக்குப் பிந்தைய காலம் முழுவதுக்கும் விளக்கம் இருக்க வேண்டும்.

3. ஸ்டே தானாக வராது

எஸ்.எல்.பி. போட்டுவிட்டால் கீழே எல்லாம் நின்றுவிடும் என்று நம்பி மோசம் போகிறவர்கள் உண்டு. நிற்காது. டெல்லியில் டயரி எண் (தாக்கல் செய்ததும் தரும் எண்) வாங்கியிருந்தாலும், ஊரில் ஈ.பி., அதாவது தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு, நடந்துகொண்டேதான் இருக்கும், கோர்ட் ஊழியரான அமீனா வீட்டுக்கு வந்து சுவாதீனம் எடுத்தும் கொடுத்துவிடுவார். ஈ.பி. வாய்தா தேதி, இடிப்பு நோட்டீஸ், ஏலத் தேதி எது இருந்தாலும் அந்தக் காகிதத்தின் நகலை முதல் நாளே டெல்லி வக்கீலுக்கு அனுப்புங்கள். அவசரமாக லிஸ்டில் போடக் கேட்பதற்கு அந்த ஒரு காகிதம்தான் ஆதாரம்.

4. கேஸ் கட்டைச் சென்னையிலேயே தயார் செய்யுங்கள்

டெல்லி போன பிறகு "அந்தப் பத்திரம் ஊரில் இருக்கு" என்று சொன்னால் ஒரு வாரம் போய்விடும். கட்டில் இருக்க வேண்டியவை: ஹைகோர்ட் தீர்ப்பு, விசாரணைக் கோர்ட் தீர்ப்பும் டிகிரியும் (தீர்ப்பாணை), முதல் அப்பீல் தீர்ப்பு, பிராது, எதிர்வழக்குரை, ஹைகோர்ட்டில் போட்ட அப்பீல் மனு, முக்கியமான சான்றாவணங்கள், தேவையான சாட்சி வாக்குமூலம், இதுவரை வந்த இடைக்கால உத்தரவுகள். எதிர்த்தரப்பில் எல்லாருடைய முழு முகவரியும் பின்கோடோடு வேண்டும். யாராவது இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசு விவரமும்.

கீழ்க்கோர்ட்டில் தாக்கல் செய்யாத புது ஆவணத்தை ஓசைப்படாமல் உள்ளே செருகாதீர்கள். ஹைகோர்ட் முன் இருந்த பதிவுக்குள்தான் மனு நிற்கிறது என்று வக்கீல் சான்று கொடுக்க வேண்டும். புதிய ஆவணத்துக்குத் தனியாக அனுமதி மனு போட வேண்டும்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. தமிழ்நாட்டுக் கேஸ்கள் அதிகம் அடிபடும் இடம் இதுதான். சுப்ரீம் கோர்ட் மொழி ஆங்கிலம். தமிழில் உள்ள பிராது, பத்திரம், எஃப்.ஐ.ஆர்., வாக்குமூலம் எல்லாம் ஆங்கிலத்தில் போக வேண்டும். அதிகாரபூர்வ மொழிபெயர்ப்புக்கு விலக்கு கேட்டு, நீங்களே செய்வித்த மொழிபெயர்ப்பைச் சேர்ப்பதுதான் வழக்கம். அதை நம் ஊர் நிலச் சொற்கள் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால் கேஸே மாறிப்போகும். "கிரய உடன்படிக்கை" என்பதை வெறும் கிரயம் என்று பெயர்த்தால், விற்கப் பேசி முன்பணம் வாங்கியவர் விற்றே விட்டவராக ஆகிவிடுவார். ஒத்தியை வாடகை என்று எழுதினால் கடன் கொடுத்தவர் குடித்தனக்காரர் ஆவார். அனுபோகம் வேறு, சுவாதீனம் வேறு. விடுதலைப் பத்திரம் வேறு, தான செட்டில்மெண்ட் வேறு. நத்தம், புறம்போக்கு, கிராம நத்தம் போன்ற சொற்களைப் பெயர்க்காமல் அப்படியே ஆங்கில எழுத்தில் விட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் தருவதே மேல். குழிக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும், ஆகவே சென்ட்டிலோ ஏர்ஸிலோ எவ்வளவு என்று சேர்த்து எழுதச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பை உங்கள் ஊர் வக்கீல் ஒருமுறை வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அனுப்புங்கள். இந்த ஒரு வேலைக்கு ஒரு வாரம் முழுதாக ஒதுக்கினாலும் தகும்.

மங்கிய நகல்களைத் தட்டச்சு செய்து கூடவே வைக்க வேண்டும். பழைய கைப்பத்திரம், சிட்டா, அடங்கல் எல்லாம் இதில் மாட்டும்.

5. ஏ.ஓ.ஆர். பிடிப்பது, பணம் பேசுவது

சுப்ரீம் கோர்ட்டில் எந்த வக்கீலும் மனு தாக்கல் செய்துவிட முடியாது. கோர்ட் நடத்தும் தனித் தேர்வில் தேறி, பதிவு பெற்ற அட்வகேட் ஆன் ரெக்கார்டு, சுருக்கமாக ஏ.ஓ.ஆர்., மட்டும்தான் தாக்கல் செய்யலாம். பெரிய சீனியரே வாதாடினாலும் பின்னால் ஏ.ஓ.ஆர். ஒருவர் இருக்க வேண்டும். பட்டியல் கோர்ட் இணையதளத்தில் இருக்கிறது. "டெல்லியில் நம்ம ஆள் இருக்கார்" என்று சொல்லும் இடைத்தரகரிடம் பணம் கொடுக்கும் முன், ஏ.ஓ.ஆர். பெயர் என்ன என்று கேட்டு, அந்தப் பட்டியலில் பார்த்து, அவரிடமே ஒருமுறை போனில் பேசுங்கள். தமிழ் தெரிந்த ஏ.ஓ.ஆர். கிடைத்தால் பாதிப் பாரம் குறையும்.

கோர்ட் கட்டணம் மொத்தச் செலவில் சின்னப் பங்குதான். கிரிமினல் மனுவுக்கு அதுவும் இல்லை. செலவு போவது வேறு வழிகளில்: மனு எழுதும் கட்டணம், தாக்கல் கட்டணம், பக்கக் கணக்கில் மொழிபெயர்ப்பு, தட்டச்சு, நகல், குமாஸ்தா செலவு, வாதாடும் வக்கீலுக்கு ஒவ்வொரு நாளுக்குமான கட்டணம். இந்தக் கடைசி வகைதான் குடும்பத்தைச் சாய்க்கும். கேஸ் எடுக்கப்படாமல் தள்ளிப்போன நாளுக்கும் கட்டணம் உண்டா, சீனியர் வைத்தால் கலந்தாலோசனைக்குத் தனியா, நோட்டீஸ் வந்த பிறகு புதுக் கட்டணமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஒரு வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். பணத்தை வங்கி வழியாகவே அனுப்புங்கள். "ஸ்டே வாங்கித் தருகிறேன், மொத்தமாக இவ்வளவு" என்று முடிவுக்கு விலை பேசுகிறவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் இல்லாதவர்கள் கதவு மூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சுப்ரீம் கோர்ட் சட்டப் பணிகள் குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது. மற்றவர்களுக்கு ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் மாவட்டக் கோர்ட் வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலேயே விண்ணப்பம் கொடுக்கலாம். அங்கிருந்து காகிதம் டெல்லி போகவும் நாள் ஆகும் என்பதால், முதல் பத்து நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.

6. மனுவில் நீங்கள் படித்தே ஆக வேண்டிய பக்கங்கள்

மனுக் கட்டு சில நூறு பக்கம் வரும். நீதிபதிகள் ஒரே நாளில் பல பத்துக் கட்டுகளைப் படித்துவிட்டு வந்து உட்காருகிறார்கள். அவர்கள் முதலில் புரட்டுவது சுருக்கமும் தேதிப் பட்டியலும்தான். உங்கள் கேஸ் நிற்பதும் விழுவதும் அந்த நாலைந்து பக்கத்தில். அதைக் கையெழுத்து போடும் முன் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தேதி ஒன்றுகூடத் தப்பாக இருக்கக் கூடாது. உங்களுக்குப் பாதகமான உத்தரவு ஒன்று நடுவில் இருந்தால், அதை மறைக்காமல் அதுவும் பட்டியலில் வர வேண்டும். எதிர்த்தரப்பு அதை எடுத்துக் காட்டினால், சங்கதியை மறைத்தார் என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளுபடி செய்ய முடியும்.

பிறகு "சட்டக் கேள்விகள்" பகுதியைப் பாருங்கள். இருபது கேள்வி எழுதியிருந்தால் நல்ல கேள்வி ஒன்றும் இல்லை என்று அர்த்தம். இரண்டோ மூன்றோ போதும்.

உறுதிமொழிப் பத்திரத்தை உங்கள் ஊர் நோட்டரி முன்னாலேயே கையெழுத்திட்டு, வக்காலத்து, அடையாளச் சான்று நகலோடு கூரியரில் அனுப்பலாம், இதற்காக டெல்லிக்கு ரயில் ஏற வேண்டாம். ஆங்கிலம் தெரியாதவர் கையெழுத்திட்டால், தமிழில் படித்து விளக்கப்பட்டது என்ற வரி அதில் இருக்க வேண்டும். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்து வேண்டாம்.

கிரிமினலில் சிறைத் தண்டனை பெற்றவர் சரணடைந்த சான்றைச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சரணடைய விலக்கு கேட்டுத் தனி மனு போட வேண்டும். இரண்டும் இல்லாமல் கேஸ் லிஸ்டுக்கே வராது.

7. தாக்கல், குறை, பதிவு

தாக்கல் செய்ததும் கிடைப்பது டயரி எண்தான், வழக்கு எண் அல்ல. கோர்ட் அலுவலகமான ரெஜிஸ்ட்ரி மனுவைப் பரிசோதித்துக் குறைகளை எழுதும். குறை இல்லாத மனு அபூர்வம், பயப்பட வேண்டாம். அடிக்கடி வருபவை: மங்கிய பக்கம், விட்டுப்போன மொழிபெயர்ப்பு, ஹைகோர்ட்டில் இருந்த ஒரு தரப்பினரை விட்டுவிட்டது, உறுதிமொழியில் நிரப்பாத இடம், தேதியில்லாத வக்காலத்து, பக்க எண் குழப்பம். தாளுக்கும் விதி இருக்கிறது: ஏ4, இரண்டு பக்கமும் அச்சு, 14 அளவு எழுத்து, ஒன்றரை இடைவெளி, இடமும் வலமும் 4 செ.மீ. ஓரம்.

குறைகளைச் சரிசெய்ய 28 நாள். அதைத் தாண்டினால் மறுதாக்கல் தாமதத்துக்கு இன்னொரு மன்னிப்பு மனு. 90 நாளுக்குள் சரியாகப் போட்டவர்கள்கூட இந்த இடத்தில் மாதக்கணக்கில் கேஸைத் தூங்கவிடுகிறார்கள். கோர்ட் இணையதளத்தில் டயரி எண்ணைப் போட்டு வாரம் ஒருமுறை நீங்களே பாருங்கள். குறை நீங்கியதும் எஸ்.எல்.பி. எண் விழும்.

"எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள்" என்று எதிர்த்தரப்பு முன்கூட்டியே கேவியட் போட்டிருந்தால் அவருக்கு மனுவின் நகல் போய்ச் சேர வேண்டும், முதல் நாளே அவர் வக்கீல் நிற்பார். அதே சட்டக் கேள்வியில் வேறு கேஸ் நிலுவையில் இருப்பது தெரிந்தால் அதன் எண்ணை ஏ.ஓ.ஆரிடம் கொடுங்கள். சேர்த்துப் போட வாய்ப்புண்டு.

8. லிஸ்ட் வரும் நாள்

எந்த பெஞ்சுக்குப் போகும் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பணி ஒதுக்கீடு தலைமை நீதிபதியின் அதிகாரம். கேஸின் பொருள் வகையைப் பார்த்து லிஸ்ட் போடுவார்கள், ஆகவே தாக்கல் படிவத்தில் வகையைத் தப்பாகக் குறிக்கக் கூடாது. புது மனுக்கள் நெடுங்காலமாகத் திங்களும் வெள்ளியும் வருகின்றன. பெரும்பாலும் இரண்டு நீதிபதிகள். அவசரம் என்றால் ஏ.ஓ.ஆர். கடிதம் கொடுத்துக் கேட்கலாம். வாய்மொழியாகக் கேட்கும் நடைமுறை தலைமை நீதிபதிக்குத் தலைமை நீதிபதி மாறுகிறது, அப்போதைய சுற்றறிக்கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நேரில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காணொளி வழியாகவும் விசாரணை நடக்கிறது. போக விரும்பினால், 'சுஸ்வாகதம்' தளத்தில் அனுமதிச் சீட்டு எடுத்து, புகைப்பட அடையாள அட்டையோடு போங்கள். மெட்ரோ நீலத்தடத்தில் சுப்ரீம் கோர்ட் நிலையம். கோர்ட் 10.30-க்குக் கூடும். வரிசை எண் 40 என்றால் மதியத்துக்கு மேல்தான் என்று இருந்துவிடாதீர்கள், புது மனுக்கள் மளமளவென்று ஓடும். கேஸ் எடுக்கப்படாமல் போகவும் கூடும் என்பதால் அன்றைக்கே ஊர் திரும்ப டிக்கெட் போட வேண்டாம்.

கூப்பிட்டதும் பெரும்பாலும் நீதிபதியே முதல் கேள்வியைக் கேட்பார்: "மூன்று கோர்ட்டும் ஒரே மாதிரி சொல்லியிருக்கே, நாங்கள் ஏன் தலையிடணும்?" உங்கள் வக்கீலிடம் இதற்கு அரை நிமிடப் பதிலும், பக்க எண்ணும் தயாராக இருக்க வேண்டும். முந்தின நாள் அவரிடம் நீங்கள் பேச வேண்டிய ஒரே விஷயம் இதுதான்.

9. உத்தரவை எப்படிப் படிப்பது

பெரும்பாலும் அன்று மாலையோ அடுத்த நாளோ உத்தரவு இணையதளத்தில் ஏறிவிடும். யார் என்ன சொன்னாலும் அதை நீங்களே இறக்கிப் பாருங்கள்.

"டிஸ்மிஸ்டு" என்று ஒற்றை வரியில் வந்தால், அனுமதி மறுக்கப்பட்டது என்று மட்டும் பொருள். காரணம் சொல்லாத தள்ளுபடியால் ஹைகோர்ட் தீர்ப்பு சுப்ரீம் கோர்ட் தீர்ப்போடு இணைந்துவிடாது என்று 2000-இல் குன்ஹயம்மது வழக்கில் சொன்னார்கள். ஆகவே தகுந்த காரணம் இருந்தால் ஹைகோர்ட்டில் மறுஆய்வு கேட்கும் வழி அடைபடுவதில்லை.

பெஞ்ச் மனம் இறங்கவில்லை என்று தெரிந்ததும் வக்கீல் "வாபஸ் வாங்குகிறேன்" என்று சொல்வது உண்டு. அப்படி வாங்கும்போது, வேறு தீர்வை நாடும் உரிமை தரப்படுகிறது என்ற வாசகம் உத்தரவில் விழுந்ததா என்று பாருங்கள். அது விழாத வாபஸால் பிறகு சிக்கல் வரும்.

"நோட்டீஸ்" என்றால் எதிர்த்தரப்பைப் பதில் சொல்ல அழைக்கிறார்கள், கதவு பாதி திறந்திருக்கிறது. ஆனால் நோட்டீஸ் மட்டும் வந்து ஸ்டே வரவில்லை என்றால் ஊரில் ஈ.பி. தொடரும். பண டிகிரியில், குறிப்பிட்ட தொகையை இத்தனை வாரத்துக்குள் கட்டினால் ஸ்டே என்று நிபந்தனை வரும். தேதி தவறினால் ஸ்டே தானாகப் போய்விடும். "தஸ்தி" என்று இருந்தால் நோட்டீஸை நீங்களே எடுத்துப்போய் எதிர்த்தரப்பிடம் சேர்க்கலாம், தபாலைவிட வேகம்.

"லீவ் கிராண்டட்" வந்தால் அனுமதி கிடைத்துவிட்டது. எஸ்.எல்.பி. அப்பீலாக மாறி, புது எண் பெறும். சில கேஸை அன்றே கேட்டு முடிப்பார்கள், சில கேஸ் வருடக்கணக்கில் காத்திருக்கும்.

10. காத்திருக்கும் காலத்தில்

எதிர்த்தரப்பு பதில் உறுதிமொழி போடும், நீங்கள் மறுபதில் போடுவீர்கள். இங்கே கேஸ் தேங்குவதற்கு முதல் காரணம் நோட்டீஸ் சேராதது. முகவரி மாறியவர், வெளிநாடு போனவர், இறந்தவர் ஒருவர் இருந்தாலும் முழுக் கேஸும் அங்கேயே நிற்கும். தரப்பினர் யாராவது இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனு போடுங்கள். விட்டால் அவரைப் பொறுத்தவரை கேஸ் அற்றுப்போகும். அதை மீட்க 60 நாள்தான். ஊரில் எதிர்த்தரப்பு வீட்டில் சாவு விழுந்தால் ஏ.ஓ.ஆருக்கு அது எப்படித் தெரியும்? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குடும்பச் சொத்து, பணத் தகராறு என்றால் சமரச மையத்துக்கு அனுப்பட்டுமா என்று பெஞ்ச் கேட்கலாம். எவ்வளவுக்கு ஒத்துக்கொள்வீர்கள் என்பதைக் குடும்பமாக உட்கார்ந்து முன்பே பேசி வையுங்கள்.

11. தீர்ப்புக்குப் பின்

மறுஆய்வு மனுவுக்கு 30 நாள். நீதிபதிகள் அதைத் தங்கள் அறையிலேயே சுற்றுக்கு விட்டுப் பார்ப்பார்கள், பொதுவாக வாதம் கிடையாது. தீர்ப்பில் கண்ணுக்குத் தெரியும் பிழை இருந்தாலொழிய இதற்குப் பணம் செலவிடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கும் மேல், மறுஆய்வும் தள்ளுபடியான பிறகு கடைசி வாய்ப்பாக, 2002-இல் ரூபா அசோக் ஹுர்ரா வழக்கில் பிறந்த கியூரேட்டிவ் மனு ஒன்று உண்டு. சீனியர் வக்கீலின் சான்று இல்லாமல் அதைப் போடவே முடியாது.

ஜெயித்திருந்தால், தீர்ப்பின் சான்றிட்ட நகலை ஈ.பி. நடக்கும் கோர்ட்டில் உடனே தாக்கல் செய்யுங்கள். கட்டிய தொகை கோர்ட் கணக்கில் இருந்தால் திரும்பப் பெறத் தனி மனு வேண்டியிருக்கும். எந்த முடிவு வந்தாலும் டெல்லிக்குக் கொடுத்தனுப்பிய அசல் பத்திரங்கள், நகல்கள், முழு மனுக் கட்டின் பி.டி.எஃப். எல்லாவற்றையும் பட்டியல் போட்டு ஏ.ஓ.ஆர். அலுவலகத்திலிருந்து திரும்ப வாங்கி, சரிபார்த்துக் கையெழுத்திட்டு எடுத்து வாருங்கள்.